எழுந்து எங்க போறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



“ஆப்பிரிக்காவுல விவசாயப் பொருள் வச்சு சிறுதொழில் பண்ற பெண்கள் எப்படிப் பேரம் பேசுறாங்க, அதைப் பத்திப் பேசுங்க” என்று தலைவி கேட்டுக்கொண்டார். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா 54 நாடு. நான் பார்த்தது கானா என்கிற ஒரே நாடு. அதிலும் வடக்கே தமலே என்ற ஊரைச் சுற்றி ஒரு மூலை. தருமபுரியில் ஊக்குநராக ஆரம்பித்த நான், ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சியாளராக 2014 கடைசியில் அங்கே போய், 2017 மார்ச் வரைக்கும் இருந்தேன். அங்கே எனக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? அந்தப் பெண்களுக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுப்பது. இப்போ நினைச்சா எனக்கே சிரிப்பு வருது. ஏன் சிரிப்பு என்று சொல்கிறேன்.

தலைநகரம் அக்ராவிலிருந்து தமலே 600 கிலோமீட்டருக்கு மேலே. வழியில் குமாசி என்று ஒரு பெரிய நகரம். அங்கே அப்போ இருந்த மத்திய சந்தையைப் பார்த்தால் நம்ம கோயம்பேடு ஞாபகம் வரும். ஒரு வித்தியாசம், விற்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். மூட்டைக் கணக்கில் மொத்தமாக விற்பவரும் பெண், தரையில் கூறு கட்டி விற்பவரும் பெண். தக்காளிக்கு ஒரு தலைவி, பெருவள்ளிக் கிழங்குக்கு ஒரு தலைவி, வெங்காயத்துக்கு ஒரு தலைவி. ‘ஒஹெம்மா’ என்பார்கள், ராணி என்று அர்த்தம். சண்டை வந்தால் தீர்த்து வைப்பதும், ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால் வசூல் பண்ணிக் கொடுப்பதும் அந்த ராணி வேலை. அந்தச் சந்தைப் பெண்களைப் பற்றி ஒரு அமெரிக்கப் பேராசிரியை 1994-இல் எழுதின புத்தகத்துக்குத் தலைப்பே ‘வெங்காயம்தான் என் புருஷன்’. சோறு போடுறது அதுதானே!

அங்கே நான் வெங்காயம் வாங்கப் போனேன். நம்ம ஊர் பழக்கத்தில் பாதி விலைக்குக் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். முகம் திருப்பிக்கொண்டு நாலு எட்டு நடந்தேன். அவர் கூப்பிடவே இல்லை. பக்கத்துக் கடையிலும் அதே விலை. திரும்பி வந்தேன். கூட வந்த பெண்தான் விளக்கம் சொன்னாள். அங்கே இரண்டு சொல் இருக்கிறது. ‘தெ ஸோ’ என்றால் விலையைக் குறை. ‘தோ ஸோ’ என்றால் மேலே கொஞ்சம் போடு. நம்ம கொசுறுதான்! விலையைக் குறைக்க மாட்டேன் என்ற அதே அம்மா, ‘தோ ஸோ’ என்றதும் ஒரு கை அள்ளிப் போட்டார். இது நல்ல யோசனை, கவனிங்க. ஒருத்தி விலையைக் குறைத்தால் பக்கத்துக் கடைக்காரியும் குறைக்கணும், சாயங்காலத்துக்குள் மொத்த வரிசைக்கும் விலை விழுந்துடும். கொசுறு போட்டால் அது அவளுக்கும் வாங்குறவளுக்கும் நடுவில் முடிந்துபோகும். விலை நின்ன இடத்திலேயே நிற்கும்.

இந்தப் பெண்களுக்குத்தான் நான் பேரம் கற்றுக்கொடுக்கப் போனேன்.

சரி, தமலேக்கு வருவோம். அங்கே காட்டிலும் வயலிலும் ஷியா என்று ஒரு மரம். நம்ம இலுப்பை மரத்துக்குப் பங்காளி, ஒரே குடும்பம். பழம் இனிக்கும், கொட்டையில் எண்ணெய். யாரும் நட்டு வளர்ப்பதில்லை, தானாக முளைக்கிறது, காய்க்கவே 15, 20 வருஷம் ஆகும். நிலம் ஆண்களுடையது, கீழே விழுந்த பழத்தைப் பொறுக்குகிற உரிமை பெண்களுடையது. மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை விடியறதுக்கு முன்னாடியே கூடையோடு கிளம்புவார்கள். புல்லுக்குள் பாம்பு, தேள் எல்லாம் உண்டு. பொறுக்கி, சதையை நீக்கி, கொட்டையை வேகவைத்து, மழைக்காலத்திலேயே வெயில் பார்த்துக் காயவைத்து, உடைத்து, பருப்பை மறுபடி காயவைக்கணும். பருப்பாகவும் விற்கலாம். வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையாலேயே கடைந்து வெண்ணெய் எடுத்தும் விற்கலாம். ஏறக்குறைய 3 கிலோ பருப்புக்கு 1 கிலோ வெண்ணெய். முகத்துக்குப் பூசுகிற கிரீம் என்று நீங்கள் விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஏற்றுமதியாகிற பருப்பில் பெரும்பகுதி சாக்லேட்டு, பிஸ்கட்டு செய்கிற கொழுப்புக்குத்தான் போகிறது. சாக்லேட்டில் 5 சதவீதம் வரை வேறு தாவரக் கொழுப்பு சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் அனுமதி கொடுத்தது. அந்தப் பட்டியலில் ஷியாவும் இருக்கிறது, நம்ம மாங்கொட்டைப் பருப்பும் இருக்கிறது.

என் பயிற்சி மூன்று நாள். வாங்குபவர் மாதிரி ஒருத்தி, விற்பவர் மாதிரி ஒருத்தி நடிக்கணும். “முதல்ல விலையைச் சொல்லாதே. கண்ணைப் பார்த்துப் பேசு. கட்டுப்படி ஆகலன்னா எழுந்து போயிடு” என்று சொல்லிக் கொடுத்தேன். 28 பெண்கள். அதில் ஒருத்தி, நாலு பிள்ளைக்கு அம்மா. பேரைச் சொல்ல அவளிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை, அதனால் சொல்ல மாட்டேன். அவள் நடித்ததைப் பார்த்து மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படி ஒரு வாய். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவாள் பாருங்க, ராணி தோற்றாள். அறிக்கையில் அவள் படத்தைப் போட்டு அனுப்பினேன்.

2015 ஜூலை. ஏஜெண்ட் மூன்று சக்கர வண்டியில் வந்து மரத்தடியில் நிறுத்தினான். நானும் அங்கேதான் இருந்தேன். அந்தப் பெண் பருப்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் கொட்டினாள். அவன் ஒரு விலை சொன்னான். அவள் ஒரே ஒரு தடவை ஏதோ கேட்டாள், அவன் தலையை ஆட்டினான், அளந்து கொடுத்துவிட்டாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அளந்த கிண்ணமும் அவனுடையதுதான். தலை தட்டி அளக்காமல், கோபுரமாகக் குவித்துக் குவித்து அளந்தான். என் போனில் அன்றைக்கு விலை வந்திருந்தது. எசோக்கோ என்று அங்கே குறுஞ்செய்தியில் சந்தை விலை அனுப்புகிற ஒரு சேவை அப்போ இருந்தது. அதில் வந்த விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்குக் கோபம். “அவ்வளவு சொல்லிக் கொடுத்தேனே, ஏன் எழுந்து போகல?” என்று கேட்டேன். அவள் பதில் பேசாமல் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே மண்ணால் செய்த குதிர் வைத்திருப்பார்கள், நம்ம பாட்டி வீட்டில் இருந்த மாதிரி. மூடியைத் திறந்து உள்ளே பார்க்கச் சொன்னாள். தரை தெரிந்தது. போன அறுவடைச் சோளம் ஜூன், ஜூலையில் தீர்ந்துவிடும். புது மக்காச்சோளம் கைக்கு வர ஆகஸ்ட், செப்டம்பர் ஆகும். ஷியா விழுகிற காலமும், குதிர் காலியாகிற காலமும் ஒண்ணு. வீட்டுக்காரர் தானியம் கொடுப்பார். குழம்புக்கு வேண்டியதெல்லாம் பெண்ணின் பொறுப்பு என்பது அங்கே வழக்கம். தானியமே தீர்ந்துபோன மாசத்தில் எல்லாமே பெண் தலையில்தான்.

“எழுந்து போன்னு சொன்னீங்களே, எழுந்து எங்க போறது?” என்று கேட்டாள்.

மொழிபெயர்த்த பெண் அதை என்னிடம் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மூன்று நாள் பயிற்சியில் நான் வாய்க்குத்தான் பயிற்சி கொடுத்திருந்தேன். அவள் வாயில் ஒரு குறையும் இல்லை. எழுந்து போனால் போய் நிற்க ஒரு இடம் வேணும், அது இல்லை. விலை தெரிந்தும் பிரயோஜனம் இல்லை; வாசலுக்கு வந்தவன் ஒரே ஒருத்தன். அதுவும் சிலபேர் ஏப்ரலிலேயே அவனிடம் முன்பணம் வாங்கிவிட்டார்கள். அப்புறம் என்ன பேரம்? நம்ம ஊரிலும் மரத்தில் பிஞ்சு இருக்கும்போதே முன்பணம் வாங்கின புளிக்கு யாராவது விலை பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

அந்தக் குழுவுக்கு ஒரு தலைவி இருந்தார். வடக்கே பெண்கள் தலைவியை ‘மகாசியா’ என்பார்கள். 60 வயசுக்கு மேலே இருக்கும், கையெழுத்துப் போடத் தெரியாது. பயிற்சி நடந்த மூன்று நாளும் ஒரு ஓரமாக உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நானே போய் அவரிடம், “என்ன பண்ணலாம்மா?” என்று கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பெட்டியை எந்த மாசம் திறக்குறோம்?”

பெட்டி என்றால் சேமிப்புப் பெட்டி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லணும், நமக்குச் சொந்தக்காரங்க கதை மாதிரி. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் சுய உதவிக் குழு ஆரம்பித்தது 1989-இல். இரண்டே வருஷம் கழித்து, 1991-இல், மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் மராடி என்ற இடத்தில் கேர் நிறுவனம் பெண்கள் சேமிப்புக் குழுவை ஆரம்பித்தது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்ததில்லை. அவர்களுக்கு வங்கி இணைப்பு, சுழல் நிதி எதுவும் கிடையாது. பணத்தை ஒரு இரும்புப் பெட்டியில் போட்டு மூன்று பூட்டுப் போடுவார்கள், மூன்று சாவி மூன்று பெண்ணிடம். மூணு பேரும் கூட்டத்துக்கு வந்தால்தான் பெட்டி திறக்கும். வருஷக் கடைசியில் சேமிப்பையும் வட்டியையும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆப்பிரிக்காவில் இன்றைக்குப் பல நாடுகளில் அந்த முறை இருக்கிறது.

அந்த ஊரில் பங்கு போடுவது டிசம்பரில். எல்லாரும் கையில் காசு வைத்திருக்கிற மாசம்! நிறுவனம் கொடுத்த நோட்டில் அப்படி இருந்தது, அதனால் அப்படி. மகாசியா ஜூனுக்கு மாற்றச் சொன்னார். ஒரு கூட்டம் முழுக்க வாக்குவாதம். டிசம்பரில் துணி வாங்கணும், பண்டிகை என்றார்கள் சிலர். கடைசியில் மாற்றினார்கள். இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். பொறுக்குகிற பருப்பில் மூன்றில் ஒரு பங்கை யாரும் ஜூலையில் விற்கக்கூடாது, பொதுக் கொட்டகையில் மூட்டையாக வைக்கணும். மீதி இரண்டு பங்கு அவரவர் இஷ்டம். எல்லாத்தையும் வைக்கச் சொன்னால் ஒருத்தியும் வைக்க மாட்டாள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். நானாக இருந்தால் எல்லாத்தையும் வைக்கச் சொல்லித் திட்டம் எழுதியிருப்பேன்.

வீட்டில் சம்மதம் வாங்குவது தனிக் கதை. மூட்டை கண்ணுக்குத் தெரிந்து கொட்டகையில் கிடந்தால் வீட்டுக்காரர் கேட்க மாட்டாரா? அதுக்கும் வழி வைத்திருந்தார்கள். “அது என்னுது இல்ல, குழுவுது. சாவி மகாசியாகிட்ட” என்று சொல்லிவிட்டார்கள். கேட்க வந்த ஒன்றிரண்டு பேர் அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்துவிட்டு, வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் தராசு. பெட்டிப் பணத்தில் ஒரு தொங்கு தராசு வாங்கினார்கள். அதுக்கு முன்னால் ஒரு மாசம் கிண்ணத்தை ஆராய்ச்சி பண்ணினோம். ஒரே பெயர் சொல்கிற மூன்று கிண்ணத்தில் மூன்று அளவு. ஒன்றில் அடிப்பக்கத்தை உள்ளேயிருந்து தட்டி வெளியே தள்ளி வைத்திருந்தார்கள். பார்த்தால் நெளிசல் மாதிரி இருக்கும், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கைப்பிடி கூடப் போகும். விலையை எவ்வளவு கெட்டியாகப் பேசினாலும் அளவில் போனது போனதுதான். தராசு வந்த அன்றைக்கு அந்த நாலு பிள்ளை அம்மா தன் கடைசிப் பையனை அதில் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

ஈரம் இன்னொரு விஷயம். “ஈரமா இருக்கு, பூஞ்சை பிடிச்சிருக்கு, கறுத்திருக்கு” என்று சொல்லித்தான் ஏஜெண்ட் விலையை இறக்குவான். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். முளை விட்ட கொட்டையை வேகவைத்தால் எண்ணெய் கெட்டுவிடும். அதனால் கொட்டகைக்குள் மூட்டை போகும்போதே நாலு பெண்கள் உட்கார்ந்து கையால் கிளறி, கடித்துப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்தத் தங்கச்சி மூட்டையையே ஒருத்தி திருப்பி அனுப்பினாள். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. வாங்குறவன் செய்யவேண்டிய பேரத்தைத் தங்களுக்குள்ளேயே முதலில் முடித்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2016 ஆகஸ்ட் கடைசியில் கொட்டகையில் 41 மூட்டை.

இப்போ என் தவறைச் சொல்லணும். செப்டம்பரில் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கார், பிரிண்ட் போட்ட ஒப்பந்தம், ஏஜெண்டுகளை விட நல்ல விலை. நவம்பரில் வந்து எல்லா மூட்டையையும் எடுத்துக்கொள்கிறோம், வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இடைத்தரகன் இல்லாத நேரடி விற்பனை! கூட்டத்தில் நான்தான் அதிகம் பேசினேன். மகாசியா ஒன்று மட்டும் கேட்டார்: “இவங்க வராம போனா, எந்த வீட்டு வாசல்ல போய் நான் நிக்கிறது?” அலுவலகம் அக்ராவில் இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள்.

நவம்பர் போனது. டிசம்பர் வந்தது. கம்பெனி வரவில்லை, போனும் எடுக்கவில்லை. சகாராவிலிருந்து வருகிற புழுதிக் காற்று வீச ஆரம்பித்து ஊரே மங்கலாக இருக்கும் அந்த மாசத்தில், நான் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் திரிந்தேன். ஒருத்தி பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம் கட்டாமல் நின்றது. கொட்டகையில் 41 மூட்டை இருக்கு, கையில் காசு இல்லை. ஒப்பந்தத்தை மீறலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கொட்டகைக்குப் போய் எண்ணினேன். 31 மூட்டைதான் இருந்தது. பதறிப்போய் மகாசியாவிடம் ஓடினேன். அவர் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. “10 மூட்டையை அந்தப் பழைய பையன்கிட்டக் கொடுத்துட்டேன்” என்றார். ஒப்பந்தக் கணக்கிலேயே அவர் 31 தான் சொல்லியிருக்கிறார். நான் எழுதும்போது பார்க்கவே இல்லை. ஏஜெண்டுக்கு என்று 10 மூட்டையை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டார்.

“அவன்தானே உங்களை ஏமாத்துறான்?” என்றேன்.

“ஏமாத்துறான்தான். ஆனா ஜூலையில வர்றவன் அவன் ஒருத்தன். போன வருஷம் என் மருமகளை ராத்திரியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அவன் வண்டி. அவன் அக்காவை இந்த ஊர்லதான் கட்டிக் கொடுத்திருக்கு. அவன் ஏமாத்தினா அவ வீட்டு வாசல்ல நான் போய் உக்காருவேன். அக்ராவுக்கு யார் போறது?”

நான் அந்த ஏஜெண்டை எதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சியில் அவனைப் போல நடிக்கிறவளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவேன். அந்த அம்மாவுக்கு அவன் அடுத்த 10 வருஷத்துக்கும் வேண்டிய ஆள். அவனிடம் கெட்டியாகப் பேசணும், ஆனால் அவன் வண்டி நம்ம ஊருக்கு வருவதை நிறுத்தக்கூடாது. இரண்டையும் ஒரே வாயால் செய்யணும். ஜனவரியில் அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவன் வந்தான். அன்றைக்குச் சந்தை நாள். அந்தப் பக்கம் ஆறு நாளுக்கு ஒருமுறை சந்தை கூடும். வேறொரு ஏஜெண்டும் அன்றைக்கு ஊரில் இருக்கிற மாதிரி மகாசியா சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு பேர் கண்ணிலும் இரண்டு பேரும் பட்டார்கள், அவ்வளவுதான். யாரையும் யாரோடும் ஒப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் வணக்கம். அங்கே வணக்கம் என்றால் ஒரு சொல்லில் முடியாது. ‘தசிபா’ என்றால் காலை வணக்கம், பதிலுக்கு ‘நா’ என்று இழுப்பார்கள். வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘நா’. அவன் அம்மாவின் முழங்கால் வலி வரைக்கும் விசாரித்தார். கால் மணி நேரம் போனது. தராசு அவன் கண்ணுக்கு நேராக மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவன் விலை சொன்னான். மகாசியா சும்மா இருந்தார். உண்மையாகவே சும்மா இருந்தார், கடலை கூட உரிக்கவில்லை. அவனே கொஞ்சம் ஏற்றினான். அப்போ அவர், “மகனே, எனக்குன்னா நான் சரின்னு சொல்லிடுவேன். பின்னால உக்காந்திருக்காங்க பாரு, 27 பேர். ராத்திரி என்னைத் தூங்க விடமாட்டாங்க. இரு, கேட்டுட்டு வர்றேன்” என்று எழுந்து போனார். நான் பயிற்சியில் சொன்ன அதே எழுந்து போவதுதான்! ஆனால் இதில் கோபம் இல்லை, முகம் முறியவில்லை. பெண்கள் பக்கம் போய்க் குனிந்து பேசினார். அவர்கள் சத்தம் போட்டார்கள். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். மத்தியானச் சாப்பாடு பற்றியாம்!

மூன்று தடவை இப்படிப் போய் வந்தார். முடிவில் அவர்கள் கேட்ட முழு விலை கிடைக்கவில்லை. ஆனால் ஜூலை விலையை 100 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இது 150-க்குப் பக்கம். கிண்ணம் இல்லை, தராசுதான். சாக்கு அவன் கொண்டுவரணும். எடை போட்ட இடத்தில் கையில் பணம். பதிலுக்கு இவர்கள் மூட்டையைத் தாரோடு வரைக்கும் தலையில் சுமந்து கொடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பாதையில் வண்டி வந்தால் சக்கரம் போய்விடும் என்று அவன் எப்போதும் புலம்புவான். அவனுக்குப் பெரிய விஷயம், இவர்களுக்கு அரை நாள் நடை. விலையையே பிடித்துத் தொங்காமல் சாக்கு, வண்டி, பணம் தருகிற நாள் என்று நாலைந்தையும் சேர்த்துப் பேசினதால்தான் இரண்டு பக்கமும் இறங்கிவர முடிந்தது.

இதைக் கேட்டு, வைத்திருந்தால் எப்போதும் விலை ஏறும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஏறாத வருஷமும் உண்டு. அந்த 31-இலேயே இரண்டு மூட்டையில் பூச்சி விழுந்தது. அந்த நஷ்டத்தை எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள், முணுமுணுப்போடுதான். கம்பெனியிலிருந்து பிப்ரவரியில் போன் வந்தது, “சரக்கு தயாரா?” என்று.

“பின்னால 27 பேர்” என்று மகாசியா சொன்னதை ஒரு தந்திரம் என்று நான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் அவரே வேறு விதமாகச் சொன்னார். தனக்காக விலை கேட்கிற பெண்ணுக்குப் பேராசைக்காரி என்று பெயர். பிள்ளைகளுக்காக, மற்ற பெண்களுக்காகக் கேட்டால் தாய் என்று பெயர். அந்த நாட்டில் இது வெறும் பழிச்சொல்லோடு நின்றதில்லை. 1979-இல் நாட்டில் பொருள் தட்டுப்பாடு, விலை தாறுமாறு. ஆட்சியைப் பிடித்த ராணுவம், பதுக்கல்காரிகள் என்று சந்தைப் பெண்களைக் கைகாட்டியது. பெண்களைப் பொது இடத்தில் வைத்துச் சவுக்கால் அடித்தார்கள். அந்த ஆகஸ்ட்டில் அக்ராவின் பெரிய மகோலா சந்தையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதுக்கப்புறமும் தட்டுப்பாடு தீரவில்லை. தக்காளி ராணிகள் விலையை அமுக்குகிறார்கள் என்று விவசாயிகள் இன்றைக்கும் குறைப்படுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. விற்கிறவளும் பெண், வாங்குகிறவளும் பெண் என்றால் விலை தானாக நியாயமாகிவிடாது. ஆனால் விலையேற்றம் என்றால் முதலில் அடிக்க ஓங்குகிற கை எந்தப் பக்கம் திரும்பும் என்று அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். மகாசியா அப்போது இளம்பெண்ணாக இருந்திருப்பார். அதனால்தான் அந்த மெதுவான குரல், அந்தத் தண்ணீர்ச் சொம்பு, அந்த 27 பேர்.

நான் 2017 மார்ச்சில் கிளம்பினேன். அதுக்குள் அந்த நாலு பிள்ளை அம்மா பெட்டியின் மூன்று சாவியில் ஒன்றை வைத்திருந்தாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், ஊருக்குக் கொண்டுபோக 2 கிலோ ஷியா வெண்ணெய் வேண்டும் என்று மகாசியாவிடம் கேட்டேன். இத்தனை நாள் பழகியிருக்கிறோம், சும்மாவே கொடுத்துவிடுவார், நாம்தான் வற்புறுத்திப் பணம் கொடுக்கணும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் எடை போட்டார். விலை சொன்னார். சந்தை விலை, ஒரு பைசா குறையவில்லை. “கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதாம்மா?” என்றேன், சும்மா சீண்டிப் பார்க்கத்தான். “விறகு, தண்ணி, மூணு பொம்பளையோட ஒரு நாள்” என்று விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். கணக்குப் போட்டுச் செலவைச் சொல்லணும் என்று பயிற்சியில் சொன்னதே நான்தானே, பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம் சட்டிக்குள் கையை விட்டு ஒரு பெரிய உருண்டை வெண்ணெயை அள்ளி, என் பாத்திரத்தில் மேலே வைத்து அழுத்தினார். மூடி மூடவில்லை. பேருந்தில் தமலேயிலிருந்து அக்ரா வரைக்கும் அதை மடியிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.